கூப்பிடுவாங்க பாருங்க

பிப்ரவரி 9, ஞாயிறு

பெட்டி கட்டி முடித்தாயிற்று. முடித்தாயிற்று என்று நான் நினைத்தேன். அண்ணி வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி மடித்து வைத்தாள். "துணி வாங்கத்தான போறோம்? பெட்டி நெறைய துணிய வச்சுட்டுப் போனா வாங்கறத எங்க வைப்பீங்க?" என்றாள். சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சல் அதிகம்.

இந்தப் பயணத்துக்கு வரவேண்டியவர் என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக இருவரும் வெளிநாடு போவதாக இருந்தோம். போன வாரம் குளியலறையில் வாளியைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றுவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது கட்டிலோடு கிடக்கிறார். "நீ போயே ஆகணும், வக்கீலம்மா ஆர்டர் இருக்கு. என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போ. அவளுக்கும் மனசு மாறும்" என்றார். எனக்கு மனசு மாறுவது பற்றி யாருக்கும் கவலை இல்லை.

வக்கீலம்மா புது வீடு கட்டியிருக்கிறாள். எல்லா ஜன்னலுக்கும் நான்தான் ஸ்கிரீன் தைக்க வேண்டும். என் கடைக்கு இவ்வளவு பெரிய வேலை இதற்கு முன் வந்ததில்லை. ஆனால் அவள் கேட்பது நம் ஊர்த் துணி அல்ல. எப்போதோ வெளிநாடு போனபோது வாங்கிவந்த ஒரு மெத்தை உறையைக் கையில் கொடுத்து, "இதே துணி. நீங்க அங்கதான போறீங்க?" என்றாள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சரி, அண்ணி விஷயம். எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். என் அண்ணனைக் கட்டியவள் அவள். அவள் அண்ணனைக் கட்டியவள் நான். அதனால் அவளுக்கு நான் அண்ணி, எனக்கு அவள் அண்ணி. ஒரே வயது, ஒரே பட்டம். எங்கள் இரண்டு பேரில் யாராவது "உங்க அண்ணன் இருக்காரே" என்று ஆரம்பித்தால் பின்னாலேயே ஒரு புகார் வருகிறது என்று அர்த்தம்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தவள். வந்தவள் என்று நான் எழுதக் கூடாது, அவள் பிறந்த வீடு இது. மழை முடிந்தது, பனி வந்தது, பனியும் போகப்போகிறது. அண்ணி போகவில்லை. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். எதற்கு? வாஷிங் மெஷினை எங்கே வைப்பது என்பதற்கு. இவள் பின்வாசல் பக்கம் என்றாள். அண்ணன் குளியலறைப் பக்கம் என்றான். பேச்சு வளர்ந்து, "இது என் வீடு, நான் சொல்ற எடத்துலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டான் அந்தப் புத்திசாலி. "அப்போ உங்க வீட்டுல நீங்களே இருங்க" என்று இவள் கிளம்பிவிட்டாள்.

அவன் கூப்பிடவில்லை. இவளும் போகவில்லை. கேட்டால் "கூப்பிடுவார்" என்கிறாள். நான் என்ன செய்ய? அண்ணனைத் திட்டினால் கூடப்பிறந்தவனைத் திட்டியதாக ஆகும். அண்ணியை ஒரு வார்த்தை சொன்னால் என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போகும். இருவரையும் திட்டக்கூடிய ஒரே இடம் இந்த நோட்டுதான்.

அண்ணியின் பாஸ்போர்ட் புத்தம் புதிது. அண்ணனோடு போவதற்கென்று போன வருடம் எடுத்தது.

பிப்ரவரி 12, புதன்

வந்து சேர்ந்தோம். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஓயாமல் முனகும் ஒரு ஏசி. ஜன்னல் ஸ்கிரீனின் கீழ் ஓரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "கோணல்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இந்தப் பயணத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம். கடைசி விஷயமாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

துணிச் சந்தை என்றால் சந்தை. கூரை போட்ட நீளமான சந்துகள், இருபுறமும் ஆள் உயரத்துக்கு நிறுத்திய ரோல்கள். ஒவ்வொரு கடையும் ஒரு கட்டில் அகலம்தான். புதுத் துணியின் கஞ்சி வாசனை. எனக்குச் சொர்க்கம்.

நுழைந்த சந்திலேயே, மூன்றாவது கடையிலேயே, இருந்தது. அதே துணி! சாம்பல் தரை, நீல இலை. அச்சு அடித்த இலை அல்ல, நெசவிலேயே வந்த இலை. மெத்தை உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நூல் நூலாக அதுவேதான். பன்னாவும், அதாவது துணியின் அகலமும், பெரிது. ஒரு ஜன்னலுக்கு ஒட்டே போட வேண்டாம், ஓரம் மடித்துத் தைத்தால் போதும். ரோலைக் கட்டிப்பிடிக்காத குறை.

இடுப்பில் ஒரு கிள்ளு. "மூஞ்சிய மாத்துங்க அண்ணி. ஆச தெரிஞ்சா வெல ஏறும்."

கடைக்காரி எங்கள் வயதுதான் இருப்பாள். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தாள். பாஷை தெரியாது. மகன் என் போனில் ஏற்றிக்கொடுத்த மொழிபெயர்ப்பை நம்பித்தான் வந்திருக்கிறோம். நம் தமிழில் பேசினால் அது அவள் பாஷையில் சொல்லும், அவள் பேசினால் தமிழில் எழுதிக் காட்டும். அண்ணி போனை வாயருகே வைத்து, "கடைசி என்னனு சொல்லுங்கம்மா" என்றாள். கண்ணாடிக்காரி திகைத்துப் போனாள். யோசித்து யோசித்து ஏதோ சொன்னாள். போனில் தமிழ் வந்தது: "எனக்குக் கடைசி இல்லை. நான் நலமாக இருக்கிறேன்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. வியாபார நேரத்தில் சிரிப்பது அவளுக்கு ஆகாது.

பிறகு கால்குலேட்டரில் பேரம். அவள் ஒரு விலையைத் தட்டினாள், அண்ணி பாதியாக்கினாள். அவள் கொஞ்சம் இறங்கினாள். அண்ணி அசையவில்லை. நடுவில் எங்களை மாறி மாறிப் பார்த்துக் கண்ணாடிக்காரி ஏதோ கேட்டாள். போன் சொன்னது: "உங்கள் இருவர் பெயரும் அண்ணியா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த கதையை அந்தப் போனிடம் சொல்லி யார் மாட்டிக்கொள்வது?

அப்போதுதான் அண்ணி கால்குலேட்டரைத் தள்ளி வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். "வாங்க அண்ணி, போலாம்."

இந்த நடை எனக்குத் தெரியும். நம் ஊர்க் கடைவீதியில் இவளுக்குப் பேரே "போற அக்கா". விலை படியாவிட்டால் விருட்டென்று எழுந்துவிடுவாள், ஆனால் நடப்பது மெதுவாகத்தான். தெருமுனை வந்ததும் நின்று, குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்வாள். வாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்குள் பின்னாலிருந்து, "அக்கா, வாங்கக்கா, உங்களுக்காகக் கொறைக்கறேன்" என்று குரல் வந்துவிடும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"திரும்பிப் பாக்காதீங்க. கூப்பிடுவாங்க பாருங்க."

நடந்தோம். முனையில் நின்றாள். குனிந்தாள். வாரைச் சரிசெய்தாள். இன்னொரு காலின் வாரையும் சரிசெய்தாள்.

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். கண்ணாடிக்காரி எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. துணியைச் சுருக்கம் விழாமல் ரோலில் சுற்றி, மேல் தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் போய் வாங்கிடலாம் அண்ணி."

"எந்திரிச்சு வந்த கடைக்கு நாமளே திரும்பிப் போறதா? நல்லா இருக்கு. இதவிட நல்ல துணி உள்ள நெறைய இருக்கும், வாங்க."

இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைக்கும் அதே கூத்து. ஒரு கடையில் நாங்கள் எழுந்ததும் கிழவர் ஒருவர் எழுந்து நின்று கையை ஆட்டி வழியனுப்பினார். சந்தோஷமாக! இன்னொருவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். ஒரு கடையில் "நன்றி" என்று தமிழில் போனைக் காட்டினார்கள். எவனும் கூப்பிடவில்லை. இந்த ஊரில் போகிறவர்களைப் போக விட்டுவிடுகிறார்கள். போனால் போகிறார்கள் என்று நினைக்கிறார்கள்! இது அண்ணிக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. "பாவம், வியாபாரம் பண்ணத் தெரியல இவங்களுக்கு" என்கிறாள்.

கடை கடையாக ஏறி இறங்கியதில், ஒவ்வொரு கடையாக எங்களுக்கு மூடிக்கொண்டே வருகிறது. எழுந்து வந்த கடைக்குத் திரும்பப் போகக்கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவள் அண்ணி.

மத்தியானம் அதைவிடப் பெரிய காரியம் செய்தாள். சாம்பல் நிறத்தில் வேறொரு துணி கிடைத்தது. இலை இல்லை, ஆனால் நிறம் ஒத்துப்போயிற்று. சுத்தப் பருத்தி என்று கடைக்காரன் சொன்னான். அண்ணிக்குச் சந்தேகம். நாங்கள் எப்போதும் செய்வதுதான்: ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கொளுத்திப் பார்ப்பது. காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகி முடிச்சு விழுந்தால் கலப்படம். நம் ஊரில் கடைக்காரனே தீப்பெட்டியை நீட்டுவான். இவள் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, கூரை போட்ட சந்தில், நாலு பக்கமும் துணி நிற்கிற இடத்தில், சர்ரென்று கிழித்தாள்.

அந்தக் கடைக்காரன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்து அண்ணியின் கையிலேயே ஊற்றினாள். காவலாளி வந்தான். தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, எங்களைச் சந்தின் வாசல் வரை கூட்டிவந்து விட்டான். வழியில் எல்லாக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வந்தேன்.

வாசலில் அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கலப்படம்தான்" என்றாள். "அதான் அந்த ஆளுக்கு அவ்ளோ பதட்டம்."

கடவுளே.

பிப்ரவரி 15, சனி

காலையில் அண்ணி குளிக்கும் நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். என்னிடம்தான். எப்போதும் என்னிடம்தான்.

"எப்படி இருக்கா?"

"யாரு?"

"நீ எப்படி இருக்கேன்னு கேட்டேன்."

பொய். நான் விட்டுப் பிடிக்கலாம் என்று பேசாமல் இருந்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ சாமான் எல்லாத்தையும் எடுத்துக் கட்டப்போறேன். நீங்க வந்ததும் யாரையாவது அனுப்பி எடுத்துக்கச் சொல்லு" என்றான்.

"என்னடா பேசற? ஒரு போன் பண்ணக் கூடாதா நீ?"

"நான் ஏன் பண்ணணும்? நானா போகச் சொன்னேன்? அவளா போனா. வேணாம்னுதான போனா? வேணாங்கறவள எதுக்குப் போய்த் தொந்தரவு பண்ணணும்?"

அண்ணி குளித்துவிட்டு வந்தாள். "யாரு போன்ல?" என்றாள். உங்க அண்ணன்தான், முதுகு தேவலையாம் என்று சொல்லிவிட்டேன். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என் முகத்தையே பார்த்தாள். இவளிடம் பொய் சொல்வது கஷ்டம். முகத்தில் ஆசை தெரிந்தாலே கண்டுபிடிக்கிறவள்.

மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி நேராகச் சந்தைக்கு ஓடினேன். மானமாவது மண்ணாவது, துணியை வாங்கிவிடலாம். கண்ணாடிக்காரி கடை பூட்டிக் கிடந்தது. சனி, ஞாயிறு லீவாம். பக்கத்துக் கடைக்காரர் போனில் காட்டினார். நாங்கள் திரும்புவது செவ்வாய்க்கிழமை.

திரும்பி வந்தபோது அண்ணி, "மருந்து எங்க?" என்றாள். அதை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மழை. அறையை விட்டு வெளியே போக முடியவில்லை. இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்டிலில். அந்தக் கோணல் ஸ்கிரீன் வேறு. அண்ணிக்குப் பொறுக்கவில்லை, ஊசி நூலை எடுத்து அதன் ஓரத்தைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்தாள். அடுத்தவர் ஓட்டலில், கேட்காமல் கொள்ளாமல்!

"அத விடுங்க அண்ணி, யாராவது வந்து ஏதாவது சொல்லப் போறாங்க."

"சரியா இல்லாதத எப்படிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. இத்தனை மாதமாக விழுங்கி வைத்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "உங்க வீட்டுல சரியா இல்லாதத மட்டும் இத்தன மாசமா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அண்ணன் உங்க சாமானக் கட்டப்போறானாம். ஆள விட்டு எடுத்துக்கச் சொல்றான். நேத்துப் போன்ல வந்தது அவன்தான்."

ஊசி அப்படியே நின்றது.

பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "அன்னிக்கு நான் கெளம்பினப்போ மெதுவாத்தான் நடந்தேன். முனையில நின்னேன். செருப்ப மாட்டற மாதிரி குனிஞ்சேன். பஸ் வந்துச்சு, ஏறல. அடுத்ததும் வந்துச்சு, ஏறல. மழை புடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம்தான் ஏறினேன். வேணாம்னு நான் சொல்லவே இல்லையே அண்ணி? நடந்தேன், அவ்ளோதான?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. "நீங்க நடக்கறது நெஜமாவே போற மாதிரி இருக்கு அண்ணி! யாருக்குத் தெரியும் அது கூப்பிடச் சொல்ற நடைனு? கடைவீதில நாலு பேருக்குத் தெரியும். எங்க அண்ணன் என்ன துணிக்கடையா வச்சிருக்கான்?"

அண்ணி ஸ்கிரீனின் ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோணல் போய்விட்டது, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

அதிகமாகப் பேசிவிட்டேனா? பேசாமல் இருந்து மட்டும் என்ன கிழித்தேன்?

பிப்ரவரி 17, திங்கள்

நான் கண் விழித்தபோது அண்ணி புடவை கட்டி, பையைத் தோளில் மாட்டி, என் கட்டிலருகே நின்றிருந்தாள். "எந்திரிங்க. கடை தொறந்திருக்கும்."

"எந்தக் கடை?"

"எந்திரிச்சு வந்த கடை."

வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னாலேயே போனாள். நான் பின்னால் ஓடினேன்.

கண்ணாடிக்காரி எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து நின்றாள். கோபமோ நக்கலோ எதுவும் இல்லை. மேல் தட்டிலிருந்து ரோலை இறக்கினாள். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மெலிந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை யாரோ வந்து பாதிக்கு மேல் வாங்கிப் போய்விட்டார்களாம். வேறு ரோல் இல்லை, இனி வருவதும் சந்தேகம்தானாம். இதற்குத்தான் இரண்டு நாள் அலைந்து கண்ட கடைகளிலிருந்தெல்லாம் எழுந்து வந்தோம்! வாயில் வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அளவை மனதுக்குள் வெட்டிப் பார்த்தேன். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் வரும். படுக்கை அறைகளுக்கு நீலத்தில் வெறும் துணி போட வேண்டியதுதான். வக்கீலம்மாவிடம் இதுதான் இப்போது பேஷன் என்று சாதிக்க வேண்டும்.

அண்ணி போனை வாங்கினாள். பேரம் பேசப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கேட்டது வேறு. "அன்னிக்கு நாங்க போனப்போ நீங்க ஏம்மா எங்களக் கூப்பிடல?"

கண்ணாடிக்காரி போன் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். நிதானமாக ஏதோ சொன்னாள். அண்ணி போனைத் தூர வைத்துப் படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் போனீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது. வேண்டாம் என்பவரை எப்படித் தொந்தரவு செய்வது?"

அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்து இந்தப் பாழாய்ப்போன போனுக்குள் யாரோ வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பேச்சை நான் அண்ணியிடம் சொல்லவே இல்லை. சாமான் கட்டுவதை மட்டும்தான் சொன்னேன். ஆனால் ஒன்று மட்டும் இதில் இருந்தது, அவன் சொன்னதில் இல்லை. வருத்தமாக இருந்தது என்பது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வராது.

"வருத்தமா இருந்துச்சாம்" என்றாள் அண்ணி. இரண்டு முறை சொன்னாள். அப்புறம் கண்ணாடிக்காரி தட்டிக் காட்டிய விலையைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினாள். பேரமே பேசாமல்! நான் கூடவே இருந்தேன், இந்தக் கண்ணால் பார்த்தேன்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அண்ணி வேகமாக நடந்தாள். முனையில் நிற்கவில்லை. சந்தின் வாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"அண்ணீ! அண்ணீ!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கண்ணாடிக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள், கழுத்துக் கண்ணாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட. கையில் வக்கீலம்மாவின் மெத்தை உறை. கடையிலேயே விட்டுவிட்டோம். என் கையில் திணித்துவிட்டு, அண்ணியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனாள்.

அண்ணி அங்கேயே நின்றாள். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. "கூப்பிட்டாங்க பாத்தீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

விமானத்தில் அண்ணி மூட்டையை மேலே வைக்கச் சம்மதிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பணிப்பெண் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நான் யாரோ என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

போனைக் கையில் எடுக்கிறாள், வைக்கிறாள். எடுக்கிறாள், வைக்கிறாள். அங்கே அவனும் அதையேதான் செய்துகொண்டிருப்பான். எனக்கு இரண்டு போனையும் கிணற்றில் போடலாம் போல இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

வக்கீலம்மா, "படுக்கையறைக்கு ஏன் இலை இல்ல?" என்றாள். பேஷன் என்றேன். நம்பவில்லை. ஆனால் ஹால் துணியைத் தொட்டுப் பார்த்ததும் பேச்சு குறைந்தது.

மார்ச் 2, ஞாயிறு

தைத்து முடித்த முதல் ஸ்கிரீனை, துணி சரியாக விழுகிறதா என்று பார்க்க எங்கள் ஹால் ஜன்னலிலேயே மாட்டியிருந்தேன். அண்ணி அதன் மடிப்புகளை நீவிக்கொண்டிருந்தாள். கேட்டில் சத்தம். எட்டிப் பார்த்தேன், அண்ணன்.

ஆளை அனுப்பு என்றவன் தானே வந்திருக்கிறான். கையில் ஒரு துணிப்பை. ஷேவ் செய்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும், சட்டையில் இஸ்திரி இல்லை. வாசலோடு நின்றுகொண்டு, "இந்தா, அவ சாமான்" என்று நீட்டினான். உள்ளே வா என்றேன். வேலை இருக்கிறது என்றான். பையைப் பார்த்தேன். ஒரு குடை, ஒரு சீப்பு.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? மத்ததெல்லாம் எங்கடா?"

அவன் தலையைச் சொறிந்தான். "புடவையெல்லாம் ரொம்ப நாளா அலமாரில இருந்து ஒரு வாசன வந்துச்சு. தொவச்சுக் கட்டலாம்னு மெஷின்ல போட்டேன். இப்ப கதவு தொறக்க மாட்டேங்குது. உள்ள தண்ணி நிக்குது. எப்படித் தொறக்கறதுனு அவகிட்டக் கேட்டுச் சொல்லு."

அவள் ஸ்கிரீனுக்குப் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியும். துணி அசைந்தது, இருவரும் பார்த்தோம். இருந்தாலும் நான் கேட்க வேண்டுமாம். கேட்டேன். இத்தனை மாதமாக இந்த வேலைதானே!

உள்ளிருந்து குரல் வந்தது, என்னிடம் பேசுகிற மாதிரி. "தண்ணி வடியற குழாய் மடங்கியிருக்கும் அண்ணி. அத நிமித்திவிட்டா தண்ணி எறங்கும், கதவு தானா தொறந்துக்கும். குளியலறைப் பக்கம் வச்சா கொழாய் மடங்கத்தான் செய்யும்னு அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

"குளியலறைப் பக்கம் இல்லையே" என்றான் அண்ணன் ஸ்கிரீனைப் பார்த்து. "பின்வாசல் பக்கம்தான் இருக்கு. எப்பவோ மாத்திட்டேன்."

உள்ளே படுக்கையிலிருந்து என் கணவர், "யாரு வந்திருக்கறது?" என்றார். சும்மா இருங்க என்று கத்தினேன்.

"எப்ப மாத்தினே?" என்று கேட்டேன்.

"அவ போன மறுநாள்." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சரி, கொழாயப் பாக்கறேன். அப்ப வரேன்."

மறுநாள்! மாற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையாலேயே நாலு போடலாம் போல இருந்தது. அதற்குள் அவன் கேட்டைத் தாண்டிவிட்டான்.

நடந்தான். மெதுவாக. இவ்வளவு மெதுவாக அவன் நடந்து நான் பார்த்ததே இல்லை. தெருமுனை வரை போனான். நின்றான். குனிந்தான். செருப்பில் கை வைத்து ஏதோ செய்தான்.

என் தோளுக்குப் பின்னால் அண்ணி வந்து நின்றிருந்தாள். "அண்ணி" என்றாள் மெல்ல. "உங்க அண்ணன் போட்டிருக்கறது ரப்பர் செருப்பு. அதுல எந்த வாரச் சரி பண்றார்?"

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு தடவையாவது.

அண்ணி வாசற்படியில் இறங்கினாள். "ஏங்க!" ஒரு லாரி போயிற்று, அதில் அமுங்கிவிட்டது. அவன் நிமிரவில்லை. இன்னொரு செருப்புக்கு மாறினான்.

"ஏங்க! உங்களத்தான்! திரும்பி வாங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் நிமிர்ந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்றுகொண்டது. அதை மாட்டக்கூட இல்லை, கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வந்து உட்கார்ந்ததும் சண்டை. எவ்வளவு சோப்புத்தூள் போட்டீர்கள், பட்டையும் பருத்தியையும் சேர்த்தா போட்டீர்கள் என்று இவள். போடாதே என்று எழுதியா ஒட்டியிருந்தது என்று அவன். என் கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்து சிரிக்கிறார். ஒரு மணி நேரம் எனக்கு ஒரு தையல் ஓடவில்லை.

பிறகு அண்ணி, வந்தபோது கொண்டுவந்த அதே பையை எடுத்துக்கொண்டு, "புடவையெல்லாம் ஊறிப் போயிருக்கும், நான் போய்ப் பாக்கறேன் அண்ணி" என்று அவன் பின்னால் இறங்கினாள். வேகமாகத்தான் போனாள். முனையில் நிற்கவும் இல்லை.

"அண்ணி!" என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது. சீப்பை விட்டுவிட்டுப் போகிறாள்.